ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பெண்களும் முதல் தலைமுறை மாணவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேதியியல் நடத்துகிறேன். எம்எஸ்சி முடிக்கிற பிள்ளைகளை ஆராய்ச்சிப் பக்கம் அனுப்பிவைக்கிற வேலையும் என் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஏப்ரல், மே வந்தால் மாணவிகள், அவர்களுடைய அப்பாக்கள், சக ஆசிரியர்கள் என்று ஆள் மாறி ஆள் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன்.

"பிஎஸ்சி கிளாஸ்ல பாதிக்கு மேல பொண்ணுங்கதான் உக்காந்திருக்காங்க. இதுல என்ன சமத்துவம் குறைஞ்சுபோச்சு?"

வகுப்பறை வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில், நாடு முழுக்க அறிவியல் பிரிவில் படித்தவர்கள் 57.2 லட்சம் பேர். அதில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால் பிஎச்டி பதிவிலும் பெண்கள் பாதியை நெருங்கிவிட்டார்கள். ஆனால் ஆராய்ச்சியை வேலையாகச் செய்கிறவர்களில், 2018 கணக்குப்படி, பெண்கள் 16.6 சதவீதம்தான். ஆறு பேரில் ஒருவர்.

2018இல் வேலையில் இருந்தவர்களில் பலர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் படித்தவர்கள். அன்றைக்குக் கல்லூரியிலேயே பெண்கள் குறைவு. அதைக் கழித்துப் பார்த்தாலும் பள்ளம் தூர்ந்துவிடாது. பஸ்ஸில் ஏறும்போது பாதிப் பேர் பெண்கள், கடைசி நிறுத்தத்தில் ஆறில் ஒருவர் என்றால், நடுவில் எங்கே இறங்கினார்கள், தாங்களாக இறங்கினார்களா, இறக்கிவிடப்பட்டார்களா என்று கேட்கத்தானே வேண்டும்?

"பெண்களுக்கு இயல்பாவே ஆராய்ச்சியில ஆர்வம் கம்மியா இருக்கலாம் இல்லையா, மேடம்?"

ஆர்வம் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று முதலில் பாருங்கள். 1933இல் பம்பாயில் பட்டம் முடித்த கமலா பாகவத், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அன்றைக்கு அங்கே இயக்குநர் நம் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன். பெண் என்பதால் இடம் கிடையாது என்றார். கமலா விடவில்லை, நேரில் போய் நின்று வாதாடி, ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் ஏற்போம் என்ற நிபந்தனையோடு உள்ளே போனார். 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். கமலா சோஹோனி என்று பின்னால் பெயர் பெற்றவர் அவர்தான்.

அன்னா மாணி கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் நிறமாலையை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் எழுதினார். 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எம்எஸ்சி இல்லை என்று சொல்லிப் பட்டம் தரவில்லை. அந்த ஆய்வேடு ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில், பட்டம் கிடைத்த மற்றவர்களின் ஆய்வேடுகளோடு அதே மாதிரி பைண்டிங்கில் நிற்கிறது. அவர் வானிலைத் துறைக்குப் போய், இந்தியாவிலேயே வானிலைக் கருவிகள் செய்ய வழி பண்ணி, 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். ஆர்வம் குறைந்தவர் என்று இவரைச் சொல்ல முடியுமா? இன்றைக்குக் கதவில் யாரும் 'பெண்களுக்கு இடமில்லை' என்று எழுதுவதில்லை. ஆனால் 'கல்யாணம் ஆனா விட்டுட்டுப் போயிடுவீங்களே' என்று நேர்முகத்தில் கேட்கிறார்கள். என்னையே கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனை யாரும் அதைக் கேட்கவில்லை.

"சரி, பெண்கள் விஷயம் புரியுது. சயின்ஸ்ல சாதி எங்கேருந்து வருது? லேப்ல யாரும் சாதி பாக்கறதில்லையே?"

'யாரும் பாக்கறதில்லை' என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பார்க்கப்படாதவர்கள். 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் இருவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தனியார் வேலைகளுக்கு, ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயர், முஸ்லிம் பெயர் உள்ளவர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. அதே வருடம் தோரட் தலைமையிலான குழு, தில்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரித்து, பாகுபாடு இருப்பதாக அறிக்கை கொடுத்தது.

நம் ஊரில் பெயரை வைத்துச் சாதி தெரியாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு சாதிப் பட்டப்பெயரை விட்டது பெரிய காரியம். ஆனால் பெயரில் இல்லாததை வேறு வழியில் கேட்கிறார்கள்: 'சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எங்கே?' ஐஐடி போன்ற இடங்களில் 'உன் ரேங்க் என்ன?' என்ற கேள்வியும் அதே வேலையைத்தான் செய்கிறது, இடஒதுக்கீட்டில் வந்தவரா என்று அதை வைத்தே கணித்துவிடுவார்கள்.

"யார் செஞ்சா என்ன? கண்டுபிடிப்பு ஒண்ணுதானே?"

கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிவைத்தோமே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியைத் தோல் வழியாகச் செலுத்தி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணிக்கும் கருவி அது. தோலின் கறுப்பு நிறமியும் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி 'நன்றாக இருக்கிறது' என்று காட்டிய தவறு, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது. பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகளில் புழங்கும் கருவி. கறுப்புத் தோலில் சரியாக வேலை செய்கிறதா என்று போதுமான அளவு யாரும் சோதிக்கவில்லை.

இயற்கை விதி ஒன்றுதான். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, யார் உடம்பில் சோதித்துப் பார்ப்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதனால்தான் முக்கியம்.

"கோட்டாவுல வந்தா தரம் குறையாதா? உண்மையைச் சொல்லுங்க."

உண்மையைத்தான் சொல்கிறேன். அஸ்வினி தேஷ்பாண்டே, தாமஸ் வைஸ்காஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்திய ரயில்வேயின் பல வருடக் கணக்கை எடுத்துப் பார்த்து 2014இல் எழுதினார்கள். இடஒதுக்கீட்டில் வந்தவர்களால் உற்பத்தித் திறன் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உயர் பதவிகளில் சில இடங்களில் கூடியிருந்தது. தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, நம் மருத்துவத் துறை நாட்டுக்கே முன்மாதிரியாகத்தான் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கென்று ஒன்று சொல்கிறேன். நுழைவுத் தேர்வு மார்க் என்பது ஒரு நாள், மூன்று மணி நேரம். ஆராய்ச்சி என்பது ஐந்து வருடம், தோற்றுப்போன சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிற பொறுமை. கோச்சிங் போக வசதி இல்லாமல் நாலு மார்க் குறைந்த பெண்ணிடம் இந்தப் பொறுமை இருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லா இடத்திலும் கோட்டா இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுக்காக 2019இல் வந்த சட்டமே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், இயற்பியல் ஆய்வுக்கூடம் போன்ற சில நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஒதுக்கீடு இருக்கும் இடங்களிலும் 'தகுதியானவர் யாரும் கிடைக்கவில்லை' என்று எழுதி நாற்காலியைக் காலியாகவே வைப்பது உண்டு. என்எஃப்எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்த மூன்று எழுத்தை நேர்முக முடிவில் பார்த்தவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும்.

"ஐஐடியில பொண்ணுங்களுக்குத் தனி சீட் கொடுத்தா பையன்களோட சீட் போயிடாதா?"

போகாது. 2018 முதல் கொடுப்பது கூடுதல் இடங்கள். ஏற்கெனவே இருந்த எண்ணிக்கையில் கைவைக்கவில்லை. அதற்கு முன் பிடெக் வகுப்புகளில் பெண்கள் 8 சதவீதம் அளவில் இருந்தார்கள், இப்போது 20ஐ ஒட்டி. உள்ளே வருகிற எல்லோரும் அதே ஜேஇஇ தேர்வில் தேறியவர்கள்தான்.

"பொண்ணுக்கு 23 ஆகுது. பிஎச்டி சேந்தா கல்யாணம் தள்ளிப்போகும். பாதியில கல்யாணம் ஆச்சுன்னா எல்லாம் வீண்தானே?"

எனக்கு அதிகமாக வருகிற கேள்வி இது. கேட்கிற அப்பாக்கள் கெட்டவர்கள் இல்லை, பயப்படுகிறவர்கள். அவர்களுக்குத் தெரியாத சில விதிகளை மட்டும் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்டி விதிமுறைப்படி, பெண் ஆய்வாளருக்கு முடிக்க மற்றவர்களைவிட 2 வருடம் கூடுதலாகக் கிடைக்கும். படிப்புக் காலத்தில் ஒரு தடவை, 240 நாள் வரை பேறுகால விடுப்போ குழந்தை வளர்ப்பு விடுப்போ எடுக்கலாம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், செய்த ஆராய்ச்சியின் தரவுகளை அங்கே உள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு தொடரவும் அதில் வழி இருக்கிறது. முதலில் இருந்த நிறுவனத்துக்கும் கைடுக்கும் உரிய பெயரைக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் கல்யாணம் ஆனால் எல்லாம் வீண் என்பது சட்டத்தில் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் இருக்கலாம். ஜாதகம் பார்க்கும்போதே 'பொண்ணு பிஎச்டி முடிக்கும், லேப் போகும், சில நாள் வர லேட் ஆகும்' என்று சொல்லிவிடுங்கள். சம்மதிக்காத வீடு நிச்சயத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டால் நல்லதுதானே.

"அஞ்சு வருஷம் படிச்சா வீட்டுக்கு யார் காசு குடுப்பாங்க?"

நெட் தேர்வு வழியாகத் தரும் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு ஃபெலோஷிப், கிடைத்தால் படிக்கும்போதே மாத உதவித்தொகை வரும். 2023 ஜனவரியிலிருந்து இந்த அளவு: முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் என்ற அடுத்த நிலைக்குப் போனதும் 42,000 ரூபாய், அத்தோடு வீட்டு வாடகைப் படி. ஜேஆர்எஃப் வயது வரம்பில் பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 5 வருடத் தளர்வு உண்டு. இதைத் தெரியாமல் 'வயசாயிடுச்சு' என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். எஸ்சி மாணவர்களுக்குத் தேசிய ஃபெலோஷிப்பில் வருடத்துக்கு 2,000 இடமும், எஸ்டி மாணவர்களுக்கு 750 இடமும் தனியாக இருக்கின்றன.

ஆனால் காகிதத்தில் இருக்கும் பணம் வங்கிக்கு வரச் சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அப்பாவிடம் கேட்டுக்கொள்ளும். கூலி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் உயிரை விட்ட ஆய்வு மாணவர் ரோகித் வேமுலா, கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வர ஆசைப்பட்டதாகக் கடைசிக் கடிதத்தில் எழுதினார். அதே கடிதத்தில், ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியிருக்கிறது, அதைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்றும் எழுதினார். தாமதம் எல்லோருக்கும் ஒரே அளவு தாமதம் இல்லை. அதனால் சேரும்போது மூன்று மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொகை வரவில்லையென்றால் கேட்கக் கூச்சப்படாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

"எங்க வீட்டுல யாரும் காலேஜ் பக்கம் போனதில்ல. யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல."

இந்தக் கேள்வியைக் கேட்டதே நல்லது. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கிற விவரங்கள் உங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்டது, உங்கள் குறை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பிஎஸ்சி இரண்டாம் வருடத்திலிருந்தே, மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் வேலை செய்யலாம், உதவித்தொகையும் தருவார்கள். எம்எஸ்சிக்கு ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடிகளுக்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கும் வழி திறக்கும். அதற்கப்புறம் பிஎச்டிக்கு நெட், கேட் தேர்வுகள்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாமா என்று பயப்படுகிறார்கள். எழுதலாம். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பாதம் பணிந்து' எல்லாம் வேண்டாம். அவருடைய ஒரு பேப்பரைப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு என்ன தோன்றியது என்று ஐந்து வரி எழுதுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள். எல்லோருக்குமே அப்படித்தான். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும், கேள்வி சரியாக இருந்தால் போதும்.

"குழந்தைக்காக அஞ்சு வருஷம் வீட்டுல இருந்துட்டேன். இனிமே யார் சேத்துக்குவாங்க?"

உங்களைப் போன்றவர்களுக்காகவே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03 முதல் பெண் விஞ்ஞானிகள் திட்டம் ஒன்றை நடத்தி வந்தது. இப்போது அது வைஸ்-கிரண் என்ற பெயரில் பிஎச்டிக்கும் அதற்குப் பிந்தைய ஆராய்ச்சிக்கும் தனித்தனிப் பிரிவுகளாக இருக்கிறது. பயோடெக் துறையில் பயோகேர் என்று பெண்களுக்கான திட்டம் உண்டு. விண்ணப்பத்தில் இடைவெளியை மறைக்காதீர்கள். 'இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை குழந்தை வளர்ப்பு' என்று ஒரு வரி போதும்.

"கைடு தப்பா நடந்துக்கிட்டா என்ன பண்றது? பட்டமே அவர் கையிலதானே இருக்கு?"

பயம் நியாயமானது. ஒரே ஆள் கையெழுத்தில் ஐந்து வருட வாழ்க்கை நிற்கிற இடம் வேறு எந்தப் படிப்பிலும் இவ்வளவு இல்லை. பாலியல் தொந்தரவு என்றால் 2013 சட்டப்படி உங்கள் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு, அதாவது ஐசி, கட்டாயம் இருக்கவேண்டும். தலைவர் பெண்ணாக இருக்கவேண்டும், வெளியாள் ஒருவர் இருக்கவேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடியவேண்டும். அதைவிட முக்கியமானது, உயர்கல்வி நிறுவனங்களுக்கான மானியக் குழு விதியில், புகார் விசாரணையில் இருக்கும்போது அந்த ஆள் உங்கள் ஆய்வை மதிப்பிடாமல் தடுத்துவைக்கக் குழு பரிந்துரைக்க முடியும். இதை எழுத்தில் கேளுங்கள்.

சாதியைச் சொல்லி அவமதித்தால், 2012 மானியக் குழு விதிகளின்படி சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்கவேண்டும். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. எதுவானாலும் அன்றன்றைக்கே தேதி, நேரம், கூட இருந்தவர் யார் என்று எழுதிவையுங்கள். நிறுவன மின்னஞ்சலில் மட்டும் வைக்காதீர்கள், உங்கள் சொந்தக் கணக்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும். புகார் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். தனியாக மட்டும் போகாதீர்கள்.

"அப்போ பெண் கைடுகிட்ட சேந்துட்டா பிரச்சினை இல்லைதானே?"

அப்படிச் சொல்ல முடியாது. 2012இல் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தினர் 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை அனுப்பினார்கள். பாதிப் பேருக்குப் போன விண்ணப்பத்தில் பெயர் ஜான், மீதிப் பேருக்குப் போனதில் ஜெனிஃபர். ஜானுக்குத் திறமை அதிகம் என்று மதிப்பெண் போட்டு, சம்பளமாக சுமார் 30,200 டாலர் கொடுக்கலாம் என்றார்கள். ஜெனிஃபருக்கு 26,500. இப்படி மதிப்பிட்டதில் ஆண் பேராசிரியர், பெண் பேராசிரியர் வித்தியாசம் இல்லை.

"ஆனா அதுக்கு நேரெதிரா வேற ஆய்வு வந்திருக்கே? நீங்க ஒரு பக்கம் மட்டும் சொல்றீங்க."

வந்திருக்கிறது. 2015இல் வெண்டி வில்லியம்ஸ், ஸ்டீபன் செசி இருவரும் செய்த சோதனையில், உதவிப் பேராசிரியர் பணிக்கு மிகச் சிறந்த விண்ணப்பதாரர்களைக் காட்டியபோது, பேராசிரியர்கள் பெண்ணையே இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் விரும்பினார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: சந்தேகத்துக்கே இடமில்லாத அளவு மேலே வந்துவிட்ட பெண்ணை வரவேற்க ஆள் இருக்கிறார்கள். சுமாரான விண்ணப்பத்தோடு கதவருகில் நிற்கிற ஜெனிஃபருக்குத்தான் ஜானுக்குக் கிடைக்கிற நம்பிக்கை கிடைப்பதில்லை. என் மாணவிகள் நிற்பது அந்தக் கதவருகில்.

பெயரை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஹபிள் தொலைநோக்கியில் நேரம் கேட்டு வரும் விண்ணப்பங்களை 2018இல் பெயர் தெரியாமல் மதிப்பிட்டார்கள். அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையிலான விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் முதல் தடவையாக ஆண்களுடையதைக் கொஞ்சம் தாண்டியது.

"வெளிநாடு போயிட்டா இந்தத் தொல்லை எதுவும் இருக்காதுல்ல?"

வேறு தொல்லை இருக்கும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு நிதி பற்றி 2011இல் வந்த ஆய்வில், படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின ஆய்வாளர்களுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு. 2019இல் இன்னொரு ஆய்வு அதன் ஒரு காரணத்தைக் காட்டியது. கறுப்பின ஆய்வாளர்கள் சமூக அளவிலான உடல்நலம் போன்ற தலைப்புகளை அதிகம் எடுத்தார்கள், அந்தத் தலைப்புகளுக்கே நிதி குறைவாகப் போனது. ஆக்சிமீட்டர் விஷயத்தில் சொன்னேனே, எந்தக் கேள்வி முக்கியம் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று, அதேதான்.

நிறமும் சாதியும் ஒன்றில்லை. ஆனால் நம்மவர்கள் போகும்போது சாதியும் கூடவே விமானம் ஏறுகிறது. அதனால்தான் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் தன் பாகுபாடு தடுப்பு விதியில் சாதியைச் சேர்த்தது. சியாட்டில் நகரம் 2023இல் சட்டமே போட்டது.

"நான் ஆண். கைடாவும் இருக்கேன். யாருக்கும் கெடுதல் நினைக்கல. நான் என்னதான் பண்ணணும்?"

சின்ன விஷயங்களிலிருந்து தொடங்கலாம், சார். லேப் மீட்டிங்கை மாலை ஆறரைக்கு வைக்காதீர்கள். பெண்கள் ஹாஸ்டல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று ஒரு தடவை விசாரியுங்கள். என்எம்ஆர் கருவிக்கு ராத்திரி ஸ்லாட் மட்டும்தான் காலி என்றால் அது யாருக்குக் காலி? பகல் ஸ்லாட்டைச் சுற்றுமுறையில் கொடுங்கள். அல்லது ராத்திரி திரும்பிப் போக வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். டீ வாங்கி வருவது, பில் சேர்ப்பது, கண்ணாடிச் சாமான் கழுவுவது யார் தலையில் விழுகிறது என்று ஒரு மாதம் கவனியுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் பரிந்துரைக் கடிதம். மூன்று வருடத்துக்கு முன் என் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். மாணவர்களைப் பற்றி 'கூர்மையாக யோசிப்பவர், சொந்தமாகக் கேள்வி எழுப்புபவர்' என்று எழுதியிருந்தேன். மாணவிகளைப் பற்றி 'கடின உழைப்பாளி, அமைதியானவர், எல்லோரிடமும் பணிவானவர்' என்று எழுதியிருந்தேன். எழுதியது நான், ஒரு பெண். அவர்களில் இரண்டு பேருக்கு நேர்முக அழைப்பே வரவில்லை, என் கடிதத்தால்தானா என்று எனக்குத் தெரியவும் போவதில்லை. இப்போதெல்லாம் கடிதத்தை முடித்ததும் பெயரை ஆண் பெயராக மாற்றி ஒரு தடவை வாசிக்கிறேன். எந்த வரி பொருந்தாமல் ஒலிக்கிறதோ, அதை அழித்துவிட்டு அந்தப் பெண் ஆய்வகத்தில் என்ன செய்தாள் என்று எழுதுகிறேன்.